மொத்த மதிப்பெண்ணும் மூன்று பகுதிகளும்

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வில், கணக்குப் பகுதியில் நான் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆங்கிலத்தில் வாங்கியதை யாரிடமும் காட்டவில்லை. மொத்தம் நன்றாக வந்தால் போதும் என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். கல்லூரிக்காரர்களோ ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகத் தேறச் சொன்னார்கள். ஓர் இடத்திலிருந்தும் அழைப்பு வரவில்லை.

என் அப்பா கும்மிடிப்பூண்டியில் ஒரு ரசாயன ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. "இன்னொரு தபா எழுதிக்கோ. அதுலயும் வரலன்னா மாப்ள ஊட்டுக்காரங்கள வரச் சொல்லிடுவேன்" என்றார். "சரி நைனா" என்றேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதாவது திருந்தினேனா? மீஞ்சூரில் ரயிலேறியதும் கணக்குப் புத்தகத்தைத்தான் விரிப்பேன். தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது.

எனக்கு வேலை ஓர் இரும்பு ஆலையின் சோதனைக் கூடத்தில். கட்டடக் கம்பியை இழுத்துப் பார்ப்போம், வளைத்துப் பார்ப்போம். ஒருநாள், இழுவையில் அசராமல் நின்ற கம்பி வளைத்ததும் விரிசல் விட்டது. சூப்பர்வைசர் கெஞ்சினார்: "இழுவைல சூப்பரா நிக்குதேம்மா, பாஸ் போட்டு உடேன்."

"ஒண்ணுல நின்னா போதுமா சார்? வளைச்சா வெடிக்கிற கம்பிய வச்சு உங்க ஊட்ட கட்டுவீங்களா?" என்று எகிறினேன். சொல்லி முடித்ததும் எனக்கே முகம் சுட்டது.

மறுநாளிலிருந்து ரயிலில் ஆங்கிலப் பத்திகள். பெண்கள் பெட்டியில் பூ தொடுத்தபடி, கீரை ஆய்ந்தபடி வரும் கூட்டம் என்னைச் சும்மா விடுமா? மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கும் எதிர்சீட்டு அக்கா கேட்டார்: "இன்னாம்மா, படிச்சதையே படிச்சிக்கினு கீற? அந்த ஆளு இன்னாதான் சொல்றான்?"

"ரோட்ட அகலமாக்கினா நெரிசல் கொறையாதாம்க்கா. இன்னும் வண்டிங்கதான் வருமாம்."

"அப்போ ரோடே போடாதன்றானா?"

பத்தியை மறுபடி பார்த்தேன். அப்படி எங்கேயும் இல்லை. ஆனால் நான் குறித்து வைத்திருந்த விடையும் அதுவேதான். எழுதியவர் சொல்லாததை அவர் தலையில் கட்டுவதுதான் என் வியாதி என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பிறகு தினமும் ஒரு பத்தி, ஒரு சண்டை. திமிங்கிலம், வட்டி விகிதம், பழைய ஓவியம், எதையும் அவர்கள் விடவில்லை. அட்டவணையைப் பார்த்து விடை சொல்லும் மூன்றாவது பகுதியையும் ஒதுக்காமல் உட்கார்ந்து போட்டேன்.

தேர்வு முடிவு வந்த காலையில் ரயிலில் இருந்தேன். மூன்றிலும் தேறியிருந்தேன். கணக்கில் மட்டும் போன முறையைவிடக் கொஞ்சம் குறைவு. அக்கா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தார்.

"நைனா, எல்லாத்துலயும் வந்துட்டேன். மாப்ள ஊட்டுக்காரங்கள வர வேணாம்னு சொல்லிடு."

"அத நீ பரீட்ச எழுதப் போன அன்னிக்கே சொல்லிட்டேன்."

"மார்க்கு வரலன்னா இன்னா பண்ணியிருப்ப?" என்றேன்.

"இன்னா பண்ணுவேன்? படிக்கிற புள்ளய தொரத்தியா உடுவேன்? வேலைக்குப் போ, லேட்டாவுது."

பெட்டியில் அத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட இல்லாமல் அழுதேன்.