அண்ணன் காலில் நான் கட்டிய கயிறு

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் கையாலேயே என் அண்ணன் காலில் ஒரு கயிற்றைக் கட்டி ஆற்றில் அனுப்பினேன். அந்தக் கயிறு அவனைக் கொல்லப் பார்த்தது.

பயப்படாதீர்கள். அண்ணன் நன்றாக இருக்கிறான். ஊர் வீட்டில் உட்கார்ந்து நான் இதை எழுதும்போது, வாசலில் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருக்கிறான். (எங்கள் வீட்டில் அண்ணனை ‘நீ, வா, போ’ என்றுதான் பேசுவோம். எழுத்துக்காக மரியாதை சேர்த்தால் அவனுக்கே சிரிப்பு வரும்.) ஆனால் அன்றைக்கு ஒரு நிமிடம்... சரி, முதலிலிருந்தே சொல்கிறேன்.

அகலமான பலகைமேல் நின்றுகொண்டு, நீளமான துடுப்பால் தண்ணீரைத் தள்ளியபடி கடலில் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பேடில் போர்டு. பழகியவர்கள் நின்றவாக்கிலேயே அலை ஏறி இறங்குவார்கள். நாகூரில் ஷமீமா அக்கா இதைப் பெண்களுக்குச் சொல்லித் தருகிறார். கணவரோடு துபாயில் இருந்தபோது கற்றுக்கொண்டாராம். ஆறு மாதம், விடுமுறை நாட்களில் பஸ் ஏறிப் போய் அவரிடம் படித்தேன். எத்தனை முறை விழுந்தேன் என்று கேட்காதீர்கள். விழாமல் நின்றது எத்தனை முறை என்று கேளுங்கள் - விரல்விட்டுச் சொல்லிவிடுவேன்.

பிறகு, சொந்தமாக ஒரு போர்டு வேண்டும் என்ற ஆசை வந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இதை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். இன்னும் எழுதுவேன் அக்கா. என்னைப் படிக்கவைக்க என் அண்ணன் ஆறாம் வகுப்போடு நின்றிருக்கிறான்.

அதனால் எங்கள் தெருவில் யார் எதை வாங்குவதென்றாலும் முதலில் எனக்குத்தான் வாட்ஸ்அப்பில் படம் வரும். போன், ஃபேன், காலேஜ், கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி... ‘படிச்ச புள்ள சொன்னா சரியா இருக்கும்.’ நான் இதுதான் என்று கை காட்டினால் அதற்கப்புறம் பேச்சே கிடையாது. எனக்கும் அது பிடித்திருந்தது. பிடிக்காமல் இருக்குமா?

ஆகவே போர்டையும் படித்துத்தான் வாங்கினேன். முழுசாக ஒரு மாதம்.

கெட்டியான போர்டு அலையில் நன்றாகப் போகும். ஆனால் தஞ்சாவூரில் மாடியில் ஒற்றை ரூமில் இருப்பவள் பத்தடிப் பலகையை எங்கே வைப்பாள்? எந்த பஸ்ஸில் ஏற்றுவாள்? அதனால் காற்றடிக்கிற வகை. சுருட்டினால் ஒரு பெரிய பைக்குள் அடங்கிவிடும். அகலம் முப்பத்திரண்டு அங்குலம் - அதற்குக் குறைந்தால் என்னைப் போன்ற ஆள் நிற்கவே முடியாது. ஏறுகிறவர் எடையைப் பொறுத்துத்தான் போர்டின் பருமன் என்பதால், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படிவத்தில் என் உண்மையான எடையை எழுதினேன். துடுப்புக்கு அளவு வேறு: கையைத் தலைக்குமேல் தூக்கினால் மணிக்கட்டு வரைக்கும் வர வேண்டும். லைஃப் ஜாக்கெட், மார்பளவு எடுத்து, உடம்போடு ஒட்டி நிற்கிறாற்போல.

கடைசியாகக் கயிறு. ஒரு முனை போர்டின் பின்புறத்தில், மறு முனை கணுக்காலில். ஷமீமா அக்கா இதில் மட்டும் கறார். “கயிறு இல்லாம எறங்காதம்மா. விழுந்தா அலை போர்டை அடிச்சுட்டுப் போயிடும். நீ நடுக்கடல்ல நிப்ப.”

எங்கே ஓட்டப் போகிறாய் என்றும் கேட்டார். “நம்ம கடல்லதான்க்கா” என்றேன்.

பாதி உண்மை. மீதிப் பாதி ஆறு. ஏன் சொல்லவில்லை? அலை ஏறப் பழகியவளுக்கு ஆறு எம்மாத்திரம் என்ற நினைப்பு. ஆற்றுக்கென்று தனியாகக் கேட்டால் கற்றுக்குட்டி என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம். அவ்வளவுதான் காரணம். எவ்வளவு சின்னக் காரணம், பாருங்கள்.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம். காவிரியில் தண்ணீர் வந்து, நாற்றங்கால் வேலை தொடங்கியிருந்த நேரம். கரையில் பையைத் திறந்து பம்பை மாட்டி அடிக்க ஆரம்பித்ததும் தெருவே கூடிவிட்டது. ஒருவர் கட்டில் மெத்தை என்றார். ஒருவர் கோயில் தெப்பத்துக்கு வாங்கினாயா என்று கேட்டார். கால் மணி நேரம் காற்றடித்து முடித்தபோது எனக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. அதைப் பார்த்து, டிராக்டர் டயருக்கே இவ்வளவு நேரம் ஆகாது என்று அண்ணன் சிரித்தான்.

நான் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தேன். விழவில்லை. எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அண்ணன் ஏறினான். கரையோரம், முழங்கால் தண்ணீரில். ஏறிய உடனே நின்றுவிட்டான். ஆடவே இல்லை. எனக்கு ஆறு மாதம் பிடித்த வேலை. எப்படி என்று கேட்டால், சின்ன வயதில் மாடு பூட்டிய பரம்புப் பலகைமேல் ஏறி நின்று எத்தனை வயலில் சேற்றைச் சமன்செய்திருக்கிறேன், இதென்ன பிரமாதம் என்கிறான். மாடாவது இழுக்கும், இது சும்மா இருக்கிறதே என்றும் சொன்னான். எரிச்சலாக வந்தது. பெருமையாகவும் இருந்தது.

நடு ஆற்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றான். என் ஜாக்கெட் அவன் மார்பில் பூட்டவில்லை. போகட்டும், இந்த ஆற்றில்தானே வளர்ந்தோம் என்று இரண்டு பேருமே விட்டுவிட்டோம். ஆனால் கயிற்றை நான் விடவில்லை. குனிந்து அவன் கணுக்காலில் பட்டையைச் சுற்றினேன்.

அண்ணன் கயிற்றைப் பார்த்தான். தண்ணீர் போகிற பக்கம் பார்த்தான். அங்கே, கரை அரிக்காமல் இருக்க எப்போதோ அடித்த மூங்கில் முளைகள் வரிசையாகத் தலைநீட்டிக்கொண்டு நின்றன.

“இதக் கட்டித்தான் ஆவணுமா பாப்பா?”

“கண்டிப்பாண்ணே. இதுதான் முக்கியம். உலகம் பூரா இப்படித்தான் போறாங்க.”

காலை நீட்டினான்.

திரும்பி வரும்போதுதான் விழுந்தான். விழுந்ததில் ஒன்றுமில்லை - அவனுக்கு நீந்தத் தெரியும். ஆனால் ஓட்டம் இழுத்ததில், ஒரு முளைக்கு இந்தப் பக்கம் போர்டு போயிற்று, அந்தப் பக்கம் அண்ணன் போனான். நடுவில் கயிறு முளையில் மாட்டி விறைத்துக்கொண்டது. போர்டைத் தண்ணீர் ஓட்டத்தோடு இழுக்கிறது. அண்ணனையும் இழுக்கிறது. கால் மட்டும் முளையோடு நிற்கிறது. நெஞ்சளவுத் தண்ணீர்தான், ஐயா. ஆனால் கால் பின்னால் மாட்டிக்கொண்டவனுக்கு எழுந்து நிற்க ஏது வழி? குனிந்து பட்டையைப் பிரிக்கப் பார்க்கிறான், ஓட்டம் உடம்பை நீட்டிப் படுக்கப் போடுகிறது. முகம் ஒருமுறை மேலே வந்தது. அடுத்தமுறை வரவில்லை.

நான் என்ன செய்தேன்? கத்தினேன். ஜாக்கெட்டோடு குதித்து இரண்டு கை போட்டேன். ஓட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் கரையில் சேர்த்தது.

ஆடுகளுக்குப் புல் அறுக்க வந்திருந்த மல்லிகா அண்ணி கத்தவில்லை. கையில் இருந்த கருக்கரிவாளோடு அப்படியே இறங்கினார். ஒரு முளை, அடுத்த முளை என்று பிடித்துப் பிடித்து நடந்தார். கயிறு விறைத்து நின்ற இடத்தில் அரிவாளை வைத்து இரண்டு இழுப்பு. போர்டு ஒரு பக்கம் போயிற்று. அண்ணன் ஒரு பக்கம் போய், இருபதடி தள்ளி எழுந்து நின்று இருமினான்.

கரையில் உட்கார்ந்தோம். அண்ணி முந்தானையால் அவன் தலையைத் துவட்டினார். துவட்டினார் என்பதைவிட அடித்தார் என்று சொல்லலாம். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

கணுக்காலில் அரை அங்குலத்துக்குச் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

“ஓடற தண்ணியில கால்ல கயிறு கட்டக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதாண்ணே?”

“தெரியும். மாட்டையே ஆத்துல எறக்கறப்ப கயித்தக் கொம்புல சுத்திவிட்டுத்தான எறக்குவோம். தொங்கவிட்டா எங்கயாச்சும் மாட்டும்.”

“அப்பறம் ஏன் கால நீட்டுன?”

அண்ணன் கணுக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

“நீ படிச்சுட்டு வாங்குன சாமான் பாப்பா. அதுல ஏதோ கணக்கு இருக்கும், நமக்குத் தெரியாததுன்னு நெனச்சேன்.”

எனக்கு அழுகை வந்ததை எழுதவா வேண்டாமா என்று யோசித்தேன். வந்தது.

யோசித்துப் பாருங்கள். தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை, உயிர் போகிற விஷயத்தை, தங்கச்சிக்கு அதைவிட அதிகம் தெரிந்திருக்கும் என்று நம்பி வாயை மூடிக்கொள்கிறான் ஒருவன். அந்த நம்பிக்கையை அவனுக்கு யார் கொடுத்தது? இத்தனை வருஷமாக ‘இதுதான்’ என்று கை காட்டிய நான்தானே? ஒருமுறையாவது ‘நீ என்னண்ணே நினைக்கிற’ என்று கேட்டிருக்கிறேனா?

ஷமீமா அக்காவுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். “ஆத்துலன்னு நீ சொல்லவே இல்லியேம்மா” என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அவர் ஏதாவது சொல்ல வேண்டுமா என்ன?

படிப்பின்மேல் பழிபோட மாட்டேன். தயவுசெய்து யாரும் போடாதீர்கள். வீட்டுக்கு வந்து, கயிற்றோடு வந்த மடித்த தாளை மறுபடி விரித்தேன். பொடி எழுத்தில், ஐந்தாவது வரியில் இருந்தது: ஓடும் தண்ணீரில் கணுக்காலில் கட்டாதீர்கள். நான் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அண்ணனுக்குப் படிக்காமல் தெரிந்தது. எனக்குப் படித்தும் தெரியவில்லை. அவன் கேட்டபோதாவது நான் நின்றிருக்கலாம். ‘கட்டித்தான் ஆவணுமா?’ என்று கேட்டானே... ஒரு கேள்விக்குமேல் கேட்க அவனுக்கு உரிமை இருக்கிறது என்று அவனுக்கே தெரியாமல் வைத்திருந்தேன்.

இந்த விளையாட்டில் ஆசை உள்ளவர்களுக்கு, அனுபவப்பட்டவள் சொல்கிறேன். கடலில் அலைக்குக் கணுக்கால் கயிறு சரி. ஆற்றிலும் வாய்க்காலிலும் கயிற்றை இடுப்பில் மாட்டுகிற பெல்ட் வாங்குங்கள். முன்பக்கம் ஒரு குமிழ் இருக்கும். ஒரே இழுப்பில் பெல்ட் கழன்றுவிடும், உடம்பைக் குனிய வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பழகுங்கள். எத்தனை பேர் ஏறுவீர்களோ அத்தனை பேருக்கும் அவரவர் அளவில் ஜாக்கெட் வாங்குங்கள். நீச்சல் தெரியும் என்பது ஜாக்கெட்டுக்குப் பதில் ஆகாது. எந்தத் தண்ணீரில் இறங்கப் போகிறீர்கள் என்பதைக் கூச்சப்படாமல் சொல்லி வாங்குங்கள்.

போன ஞாயிறு புது பெல்ட்டோடு ஊருக்கு வந்தேன். அண்ணனுக்கு ஒரு ஜாக்கெட்டும். தண்ணீரில் இறங்கவில்லை. வீட்டு முற்றத்திலேயே, அன்றைக்கே கரை ஒதுங்கிக் கிடைத்த போர்டு, துடுப்பு உட்பட எல்லாவற்றையும் பரப்பி வைத்து, பார்த்துச் சொல்லு என்றேன். அண்ணன் பெல்ட்டைப் புரட்டிப் பார்த்தான். குமிழை இரண்டு தடவை இழுத்தான்.

“நல்லாத்தான் இருக்கு பாப்பா.”

“நல்லாருக்குன்னு சொல்லாதண்ணே. என்ன சரியில்லன்னு சொல்லு.”

அண்ணன் திரும்பி அண்ணியைப் பார்த்தான். அன்றையிலிருந்து என்னோடு சரியாகப் பேசாத அண்ணி, முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

“அதான் கேக்குதுல்ல... சொல்லுங்களேன்” என்றார்.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். போர்டுக்கு அடியில் மீன் சிறகு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது ரொம்ப நீளம், நம் ஆற்று மணல் திட்டில் தட்டி ஆளைக் குப்புறத் தள்ளும், பாதி நீளத்தில் ஒன்று பார். போர்டின் பச்சை நிறம் ஆகாயத்தாமரைக்கு நடுவே தெரியாது, ஆள் எங்கே என்று கரையில் இருப்பவனுக்குத் தெரிய வேண்டாமா? துடுப்பின் பிடி ஈரக் கையில் வழுக்குகிறது, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்று. முளைகள் இருக்கிற அந்த இடத்தில் ஓட்டவே ஓட்டாதே, மேற்கே அரை மைல் போனால் தெளிவான நீட்டம் இருக்கிறது. வெயிலில் காற்றடித்துப் போட்டுவைக்காதே, டியூப் வெடிக்கிறாற்போல வெடிக்கும்...

நான் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். இரண்டு பக்கம் வந்தது. அத்தனையும் முதல் நாளே அவன் கண்ணில் பட்டவை.

அண்ணன் முடித்ததும் அண்ணி முறத்தை ஓரமாக வைத்தார். கையைத் தட்டிக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“மூணு வருசத்துக்கு முன்னாடி நீ ஒரு கிரைண்டர் எடுத்துக் குடுத்தியே பாப்பா...” என்று ஆரம்பித்தார்.

நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.