அழுகாத முலாம்பழம்

அவளுக்குத் தெருவில் வைத்த பெயர் புரட்டி. தக்காளியோ சட்டியோ, கவிழ்த்து அடியைப் பார்க்காமல் வாங்கமாட்டாள். "என்னை மட்டும் எப்படிப் பார்க்காம விட்டா?" என்பான் புருஷன். அவனுக்கு எதையும் மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

பூசணிக்கொடி துவண்டபோதும் அப்படித்தான். தாகம் என்று மடையைத் திறந்துவிட்டான். மறுநாள் இன்னும் துவண்டது, இன்னும் திறந்துவிட்டான். சேற்றில் நிற்கிற செடிக்கு என்ன தாகம்? அவள் ஒரு காயைப் புரட்டினாள். மேலே பளபளப்பு. மண்ணில் பட்ட பக்கம் வெந்த கிழங்காய்க் குழைந்து, மாவு தூவியதுபோல் வெள்ளை படிந்திருந்தது. முன்பு அவர்களுடைய வெள்ளரியைத் தின்று தீர்த்ததும் இதே அழுகல்தான். தண்ணீரோடு போய்ப் பரவும். இந்த வயலில் வடிகிற தண்ணீர்தான் வாய்க்கால் வழியே கீழே நாத்தனாரின் முலாம்பழ வயலுக்குப் போகிறது.

அப்போதே ஓடினாள்.

"வாய்க்கால் தண்ணி வேண்டாம்மா. உன் மடையை மண்ணு போட்டு மூடிடு."

"இந்த வெயில்லயா? காய் பெருக்கிற நேரம் அண்ணி, கருகிடும்!"

"கருகினா பாதியாவது மிஞ்சும். இது வந்தா ஒண்ணும் மிஞ்சாது."

தனக்குப் போனது அடுத்தவளுக்கும் போகட்டும் என்று நினைக்கிறாளோ? நாத்தனாருக்கு அந்தச் சந்தேகம் வந்தது, முகத்திலேயே தெரிந்தது. இருந்தும் மூடினாள். நானாக இருந்தால் மூடியிருக்கமாட்டேன்.

பூசணி ஒன்றுகூடத் தேறவில்லை. புருஷன் குழி வெட்டிப் புதைத்தான். கீழ்வயலில் கொடிகள் வரிசை வரிசையாகக் காய்ந்தன. நாத்தனார் வீட்டிலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றியவை மட்டும் பிழைத்தன.

அறுவடையன்று நாத்தனார் வந்தாள். கைப்பிடி அளவுப் பழம் ஒன்றை இவள் சமையலறையில் வைத்து, இவள் கத்தியாலேயே இரண்டாகப் பிளந்தாள்.

"நல்லாப் பாருங்க அண்ணி. ஒரு புள்ளி இருக்கா? எங்க உங்க அழுகல்? உங்க பேச்சைக் கேட்டு என் வயலைக் காயப் போட்டேனே!"

சதை கெட்டியாக, வாசனையாக இருந்தது. தண்ணீரை நிறுத்தியதால்தான் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். வராத நோயை எந்தக் காயில் காட்டுவது?

"நல்ல பழம்தாம்மா" என்றாள்.

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள் நாத்தனார்.