சொந்த ஆல்ட்டோ

ஸ்டெல்லா போய்விட்டாள் என்று அவள் கணவர் அருள்ராஜ் காலை ஏழு மணிக்கு அழைத்துச் சொன்னார். மாரடைப்பு. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பத்து மணிக்கு அலுவலக வாட்ஸ்அப் குழுவில் இரங்கல் செய்தி வந்தது. மதியமே அருள்ராஜுக்கு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம்: ஸ்டெல்லாவின் லீஸ் காரை எப்போது ஒப்படைப்பீர்கள், அதில் அனுமதியில்லாத மாற்றங்கள் இருந்தால் குடும்பமே பொறுப்பு. பெட்டி இன்னும் வீட்டை விட்டுப் புறப்படவில்லை. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அது இன்னும் போகவில்லை. அதனால் இந்த அஞ்சலி கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், அவளை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைவிட மூன்று வயது மூத்தவள். 'வாங்க போங்க' என்று தொடங்கியது ஒரே மாதத்தில் 'வாடி போடி' ஆகிவிட்டது. காட்டுப்பாக்கத்திலிருந்து அவள் காரில் வருவாள், வேலப்பன்சாவடியில் நான் ஏறிக்கொள்வேன். அம்பத்தூர் அலுவலகத்துக்கு நெரிசலில் ஒரு மணி நேரம். கார் அலுவலகம் வழியாக லீஸில் எடுத்தது. நான்கு வருடம் ஓட்டலாம், பிறகு வந்தபடியே திருப்பித் தர வேண்டும்.

நாற்பத்தைந்து வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்தாள். இசைக் குறிப்பு படிக்கத் தெரியாது. குழுத் தலைவர் போனில் அனுப்பும் ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டுத்தான் பாடமாக்குவாள். அவளுக்குக் கொடுத்தது ஆல்ட்டோ, அதாவது பெண்களில் தாழ்ந்த குரலில் பாடுகிறவர்களின் பகுதி. காரோடு வந்த ஸ்பீக்கரில் மேல்குரல்கள் கீச்சென்று கேட்கும், ஆல்ட்டோ எங்கே இருக்கிறதென்றே தெரியாது. இரண்டு ஞாயிறு பிசகிப் பாடினாள். கிறிஸ்துமஸுக்குள் சரியாகாவிட்டால் சபையோடு உட்கார்ந்து பாடும்படி தலைவர் சொல்லிவிட்டார். வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார், ஓயாத டிவி. "எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு மணி நேரம்தாண்டி. அதையும் இந்த டப்பா தின்னுது" என்றாள். கண் கலங்கியிருந்தது.

முறைப்படி அனுமதி கேட்டு எழுதினாள். 'என் ஆல்ட்டோ சரியாகக் கேட்கவில்லை, அதற்காக ஸ்பீக்கர் மாற்ற அனுமதி வேண்டும்.' நிர்வாகப் பிரிவு மேலாளருக்குத் தெரிந்த ஆல்ட்டோ ரோட்டில் ஓடும் சின்ன கார் ஒன்றுதான். பதில் இப்படி வந்தது: 'எங்கள் பதிவின்படி உங்களிடம் உள்ள லீஸ் கார் ஆல்ட்டோ அல்ல. உங்கள் சொந்த ஆல்ட்டோவில் நீங்கள் எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அதற்கு எங்கள் அனுமதி தேவையில்லை.' ஸ்டெல்லா அதை மூன்று முறை படித்தாள். பிறகு அச்செடுத்து காரின் டாஷ்போர்டுக்குள் வைத்துக்கொண்டாள். "என் சொந்த ஆல்ட்டோதானேடி" என்றாள்.

அந்தச் சனிக்கிழமையே பூந்தமல்லியில் பாஷா பாய் கடைக்குப் போனோம். "ஒரு ஒயர்கூட அறுக்க மாட்டேம்மா. அல்லாம் கப்ளர்ல சொருகறதுதான். பழசை ஊட்ல பத்திரமா வச்சிக்கினா, நாளைக்கே திருப்பி மாட்டிக்கலாம்" என்றார். கதவுகளுக்கு நான்கு புது ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு சின்ன ஊஃபர். பழையவை அவள் நைட்டி ஒன்றில் சுற்றப்பட்டுப் பரணுக்குப் போயின.

யாரோ போட்டுக்கொடுத்தார்கள். மேலாளர் பார்க்கிங்குக்கே வந்துவிட்டார். "கழட்டிடுடி, எதுக்கு வம்பு" என்று அவள் காதைக் கடித்தேன். "கார் அவங்களுது. காது என்னுது" என்று அவர் எதிரிலேயே சொன்னாள். பிறகு அந்தத் தாளை நீட்டினாள். "கீழே இருக்கிறது உங்க பேர்தானே சார்?"

"மேடம், நான் காரைச் சொன்னேன்."

"நான் பாட்டைச் சொன்னேன் சார். என்னன்னு நீங்க கேக்கவே இல்லையே. எந்த ஒயர் அறுந்திருக்கு, காட்டுங்க."

அவர் என்ன நினைத்தாரோ, பானெட்டைத் திறந்து இன்ஜினுக்குள் தேடிவிட்டுத் திரும்பிப் போனார். கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஸ்டெல்லா இரண்டாம் வரிசையில் நின்று பிசகாமல் பாடினாள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். வம்பு எதற்கு என்று சொன்னதற்காக அன்றைக்கு வெட்கப்பட்டேன்.

இப்போது அதே காரை ஒப்படைக்க வேண்டும். அனுமதியில்லாத மாற்றம் என்று அவள் பெயருக்கு நேரே ஒரு வார்த்தை விழக்கூடாது, அது ஒன்றுதான் எனக்கு. பாஷா பாய் ஸ்டெல்லா வீட்டுக்கே வந்து புதியதைக் கழற்றிப் பழையதை மாட்டினார். மறுநாள் காரைச் சோதிக்க வந்தவர் வண்டியைச் சுற்றி வந்தார், கதவுகளைத் தட்டினார், கடைசியில் பாட்டைப் போட்டார். முகம் சுளித்தார்.

"இன்னா மேடம், ஸ்பீக்கர் பூட்ச்சா? சவுண்டே சரியில்லியே."

"போகலை சார். கம்பெனி குடுத்ததே இதுதான். எழுதுங்க, மாற்றம் எதுவும் இல்லைன்னு" என்றேன்.

எழுதினார். கையெழுத்தும் போட்டார். அந்தத் தாளைப் படமெடுத்து, அலுவலகக் குழுவில் இரங்கல் செய்திக்குக் கீழே போட்டேன். விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை.

கழற்றிய ஸ்பீக்கர்களை அருள்ராஜ் என்னிடம் கொடுத்தார். பிப்ரவரியில்தான் நானும் லீஸில் ஒரு கார் எடுத்திருந்தேன், அதில் மாட்டிக்கொண்டேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதைக் கழற்றச் சொல்லி மேலாளரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. அவருக்கான பதில் இங்கேயே இருக்கட்டும். அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டின் பதிவு என்னிடம் இருக்கிறது. முதலில் அதை என் காரோடு வந்த ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். எல்லோரும் பாடுகிறார்கள், ஸ்டெல்லா இல்லை. அவள் ஸ்பீக்கரில் போட்டால் இரண்டாவது அடியிலேயே வந்துவிடுகிறாள். கழற்ற மாட்டேன்.