மலாயாவுக்குப் போன நான்கு கடிதங்கள்

அக்காவுக்கு மலாயாவிலிருந்து சம்பந்தம் வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. ஐம்பதுகளின் கடைசி. திண்டிவனத்தில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பின்வாசலைத் திறந்தால் எங்கள் மல்லாட்டைக் கொல்லை (வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம்), அதற்கு அந்தப் பக்கம் தண்டவாளம். அப்பாவுக்கு விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் ஷெட்டில் வேலை. காலை பாசஞ்சரில் போய்விட்டு விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வருவார். நிலத்தை அம்மாவும் அக்காவும் பார்த்துக்கொண்டார்கள். அக்கா பள்ளிக்கூடம் போனதில்லை. நான் பள்ளிக்கூடம் போகிறேன் என்ற ஒரே காரணத்தைச் சொல்லிக்கொண்டு ஒரு துரும்பையும் எடுத்துப் போடாமல் இருந்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா விக்கிரவாண்டிப் பக்கத்துக்காரர். வாலிபத்தில் கப்பலேறியவர். பையன் பிறந்தது, படித்தது எல்லாம் ஈப்போவில். அங்கே ஓர் ஈயச் சுரங்க ஆபீசில் வேலை பார்த்தான். தமிழ் பேசுவான், படிக்க வராது. போட்டோக்கள் கடல் தாண்டிப் போய்வந்தன, ஜாதகமும் பொருந்தியது. அதன்பிறகு பெரியவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. “பையன் நம்ம தேசத்தைப் பார்த்ததே இல்லை. ஊர் எப்படி, மலை எப்படி, ஆறு எப்படி, பார்க்க என்ன இருக்கிறது, அந்தக் காலத்தில் யார் ஆண்டார்கள் என்று பெண்ணே எழுதட்டும், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறான். இளைய பெண் இங்கிலீஷ் படிப்பதாகக் கேள்வி. அக்கா சொல்லச் சொல்லத் தங்கை எழுதினால் போதும்.”

இப்படியும் ஒரு பெண் பார்க்கிற வழக்கம் உண்டா என்று அம்மா முணுமுணுத்தாள். அப்பா, “கேக்கறது ஊரைப் பத்தித்தானே, எழுதுங்க” என்று முடித்துவிட்டார். அக்காவுக்கு அதற்கு முன்பு இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. அப்போதெல்லாம் அவள் வேண்டும் என்றும் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. இந்தத் தடவை கடிதத்தைக் கேட்டுவிட்டு என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள்.

“ஆறு எப்படி இருக்கும்னு கேக்கறாரு பாரு. இதுவரைக்கும் வந்தவங்க நகை எவ்ளோ போடுவீங்கன்னுதான் கேட்டாங்க. எனக்கு இந்த இடம் புடிச்சிருக்கு. நீ நல்லா எழுதிக் குடு” என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏனென்றால் எங்கள் வகுப்பில் இங்கிலீஷ் கட்டுரைக்கு நான்தான் முதல். எப்படி முதல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மதராசில் அச்சான ஒரு கட்டுரை வழிகாட்டியைப் பார்த்து எங்கள் டீச்சர் இருபது வார்த்தைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தார். ஊரையோ நாட்டையோ வர்ணிக்கச் சொன்னால் அந்த இருபதும் கட்டுரையில் வந்தாக வேண்டும். கம்பீரமான மலைக்கு மெஜஸ்டிக், படத்தில் வரைந்தாற்போன்ற அழகுக்குப் பிக்சரெஸ்க், வளைந்து நெளியும் ஆற்றுக்கு மியாண்டரிங், பொற்காலத்துக்கு குளோரியஸ் பாஸ்ட், கண்ணுக்கு விருந்து என்பதற்கு ஃபீஸ்ட் டு தி ஐஸ். டீச்சர் கட்டுரையைப் படிக்கமாட்டார். சிவப்புப் பென்சிலால் அந்த வார்த்தைகளை மட்டும் அடிக்கோடிட்டு, எண்ணி, மார்க் போடுவார்.

இதில் சிக்கல் என்னவென்றால் இருபதில் ஒன்று ஸ்னோ-கிளாட், பனி மூடிய மலை. திண்டிவனத்தில் மார்கழிப் பனிக்கே தலையில் துணி கட்டிக்கொள்வோம், பனி மூடிய மலைக்கு எங்கே போவது? மற்ற பிள்ளைகள் அதை விட்டுவிட்டு மார்க்கை இழந்தார்கள். நான், “பனி மூடிய இமயமலையைப் போலல்லாமல் எங்கள் மலைகள் வெறுமையாக இருக்கின்றன” என்று எழுதி அதையும் நுழைத்துவிட்டேன். டீச்சர் அந்த வரியை வகுப்பில் படித்துக் காட்டினார். அன்றிலிருந்து எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

முதல் கடிதத்துக்கு அக்கா மல்லாட்டை உரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். “நம்ம ஏரி சித்திரையில வத்திடும். மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும். மாடுங்க குறுக்கால நடந்தே அந்தக் கரைக்குப் போவும்னு எழுது.”

எழுதுகிறேன் என்று தலையாட்டிவிட்டு, எங்கள் நாட்டில் வளைந்து நெளியும் ஆறுகளும் பொங்கி விழும் அருவிகளும் உண்டு என்று எழுதினேன். வெடித்த மண்ணைப் போய் மாப்பிள்ளைக்கு எழுதுவார்களா? அவள் சொல்லச் சொல்ல என் பேனா வேறு பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. இருபது வார்த்தையும் வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்த்துத்தான் உறையை ஒட்டினேன். இமயமலை வரியும் போயிற்று. அடுத்த இரண்டு கடிதங்களும் அப்படியே. அவன் சரித்திரம் கேட்டிருந்தான் என்பதால் இரண்டாவதில் குளோரியஸ் பாஸ்ட் மட்டும் மூன்று தடவை வந்தது.

பதில்கள் அப்பா பெயருக்கு வரும். அப்பா உறையைப் பிரித்து, புரிந்த மாதிரி ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் கொடுப்பார். முதல் பதில் நான்கு பக்கம். இரண்டாவது ஒன்றரைப் பக்கம். மூன்றாவது அரைப்பக்கம்கூட இல்லை. அதில் இருந்தது ஒரே கேள்வி. “காலையில் பின்கதவைத் திறந்தால் என்ன தெரிகிறது என்று தயவுசெய்து உன் அக்காவிடம் கேட்டு எழுது.”

கடிதம் சுருங்கிக்கொண்டே வருவதைப் புரிந்துகொள்ள இங்கிலீஷ் வேண்டுமா? அக்கா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “நீ இதுவரைக்கும் எழுதினதைத் தமிழ்ல சொல்லு” என்றாள். என்னிடம் நகல் இருந்தது, மார்க் போட ஆளில்லாவிட்டாலும் நகல் வைத்திருந்தேன். பெருமையோடுதான் படித்துச் சொன்னேன்.

“அருவின்னு நானா சொன்னேன்?”

“நீ சொல்லல.”

“நம்ம ஊர்ல அருவி ஏதுடி?”

அவள் திட்டியிருந்தால் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன், அது எனக்கு நன்றாக வரும். அவள் திட்டவில்லை. “நாளைக்கு அவர் வந்து இறங்கி, அருவி எங்கன்னு கேட்டா நான் எதைக் காட்டுவேன்?” என்று மட்டும் கேட்டாள். அவள் குரல் உடைந்திருந்தது. நான் நகலை மெல்ல மடித்து வைத்துவிட்டேன்.

நான்காவது கடிதத்துக்கு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு வரியையும் எழுதியதும் தமிழில் சொல்லிக் காட்டச் சொன்னாள். அவள் சொன்னது இதுதான்.

“பின்கதவைத் தொறந்தா எருக்குழி. அதைத் தாண்டிக் கொல்லை. மல்லாட்டை புடுங்கினப்புறம் பொம்பளைங்க கூடையை எடுத்துக்கினு வந்து மண்ணுல தங்கினதைத் தேடிப் பொறுக்குவாங்க. ஏர் ஓட்டினா பின்னாலயே கொக்கு வரும். செஞ்சி மலைங்க யாரோ லாரியில கல்லைக் கொண்டாந்து கொட்டிட்டுப் போன மாதிரி இருக்கும். கோட்டைக்கு ஒரே தடவை போயிருக்கேன். பாதிப் படிதான் ஏறினேன், தண்ணி தாகம். எந்த ராஜா கட்டினாருன்னு எனக்குத் தெரியாது. கீழ நெல்லு கொட்டி வைக்கற களஞ்சியம் ஒண்ணு இருக்கு, உள்ள அவ்ளோ குளிர்ச்சி. அங்கதான் கொஞ்ச நேரம் தூங்கினேன். விக்கிரவாண்டி ஆத்துல தண்ணி எப்பவும் ஓடாது. மணலைத் தோண்டினா ஊறும். உங்க அப்பா சின்ன வயசுல அதைத்தான் குடிச்சிருப்பாரு.”

கொஞ்சம் நிறுத்தி, “இன்னொண்ணு எழுது” என்றாள். “காலையில எங்க அப்பா போற ரயிலு கொல்லைக்குப் பின்னாலதான் போவும். அப்பா கையாட்ட மாட்டாரு. ஆனா எவ்ளோ கூட்டமா இருந்தாலும் எங்க வீட்டுப் பக்கத்து ஜன்னலண்டதான் நிப்பாரு.”

இதையெல்லாம் இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தபோது என் இருபது வார்த்தையில் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. எருக்குழிக்கு என்ன சொல்வது? மணலில் ஊறும் தண்ணீருக்கு? மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல் எழுதினேன். இது கொல்லை. அது ரயில். அப்பா கையாட்ட மாட்டார். படிக்கப் படிக்க எனக்கே கூசியது. இவ்வளவு நாள் கட்டிக் காத்த மானம் போயிற்று, மலாயாக்காரன் சிரிக்கப்போகிறான், அக்காவின் கல்யாணம் இதோடு நின்றுவிடும், அதற்கு அவளே காரணம் என்று நினைத்துக்கொண்டு அழுதேன். அழுததில் பாதி அவளுக்காக, பாதி என் இங்கிலீஷுக்காக.

ஒரு மாதம் ஒன்றும் வரவில்லை. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அக்கா கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு நின்றாள். பிறகு பெரியவரிடமிருந்து தமிழில் கடிதம் வந்தது. பையன் சம்மதித்துவிட்டான், தையில் புறப்பட்டு வருகிறோம், நாள் குறித்து வையுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் நான் பெரிய ஆளாகிவிட்டேன். அப்பா விழுப்புரத்திலிருந்து எனக்கு ஒரு மைப்பேனா வாங்கி வந்தார். அம்மா தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு, “எங்க சின்னது லெட்டர் எழுதியே கல்யாணத்தை முடிச்சிட்டா” என்றாள். நானும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். முதல் மூன்று கடிதங்கள் மாப்பிள்ளையை மயக்கிவிட்டன, நான்காவதைப் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டார் என்பது அந்தக் கணக்கு. அக்காவிடமும் அதைத்தான் சொன்னேன், அவளும் நம்பினாள்.

தையில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நான்கைந்து நாள் கழித்து விழுப்புரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குப் போய்விட்டு, திரும்பி வர ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தோம். அக்காவும் அம்மாவும் கூஜாவில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார்கள். அப்பா தன் ஷெட்டு ஆட்களிடம் பெரியவரைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். பெஞ்சில் மாப்பிள்ளை மாமாவும் நானும் மட்டும். மாமா மெதுவான குரல்காரர். ரயில் வரும் பக்கம் பார்த்துக்கொண்டே, “அன்லைக் தி ஸ்னோ-கிளாட் ஹிமாலயாஸ்” என்றார்.

நான் சிரித்தேன். பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“எங்க ஊர்ல ஈயம் எடுத்த மணலை மலை மாதிரி கொட்டி வச்சிருப்பாங்க. பள்ளிக்கூடத்துல அதுக்கு நானும் இதே வரியைத்தான் எழுதினேன். பத்துக்கு எட்டு மார்க்கு” என்றார். “மதராஸ் புஸ்தகம்தான் அங்கேயும் கப்பல்ல வருது. இருபது வார்த்தை. உன் முதல் லெட்டர்ல எண்ணிப் பாத்தேன், இருபதும் இருந்துச்சு. வரிசைகூட மாறல.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“மூணாவது லெட்டர் வந்ததும் எங்க அப்பாகிட்ட வேணாம்னு சொல்லிட்டேன்” என்றார் அவர், கோபமே இல்லாமல். “அந்தப் பொண்ணும் என்னை மாதிரியே மனப்பாடம் பண்ணிட்டு உக்காந்திருக்கு, ரெண்டு பேரும் சேந்து என்ன பேசுவோம்னு கேட்டேன். அப்பாதான், இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருன்னாரு. அதுக்கப்புறம் உங்க அப்பா ஜன்னலண்ட நிக்கிறாருன்னு வந்துச்சு. அதைப் படிச்சிட்டு அன்னிக்கு ஆபீசுக்குப் போகல.”

“அக்காவுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“நான் சொல்லல. சொல்லணும்னா நீ சொல்லு” என்றார். அதற்குள் அக்கா கூஜாவோடு வந்துவிட்டாள். முதல் டம்ளர் தண்ணீரை எனக்குத்தான் கொடுத்தாள்.

அவள் கப்பலேறும்வரை ஒரு வாரம் இருந்தது. ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது, அவள் சிரித்திருப்பாள். ஆனால் அம்மாவும் அப்பாவும் தெருவும் எனக்குக் கொடுத்திருந்த மரியாதையை என் வாயால் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதுதான் உண்மை. வேறு காரணம் எதையும் இப்போது தேடிப் பிடித்துச் சொல்லப்போவதில்லை.

அறுபதுகளின் நடுவில் அக்காவும் மாமாவும் இரண்டு பிள்ளைகளோடு முதல்முறையாக ஊருக்கு வந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கூடம் நிறைய ஆட்கள். நான் பட்டுப்புடவையில் காபித் தட்டை வைத்துவிட்டுத் தூண் ஓரமாக நின்றேன். பிள்ளை வீட்டு அம்மாள், “பொண்ணு என்னா படிச்சிருக்கு?” என்று கேட்டாள்.

அம்மா பதில் சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். “இவ இங்கிலீசை நீங்க பாக்கணும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. மலாயாவுல இருந்த இவருக்கு நம்ம ஊரு இப்படி, நம்ம மலை இப்படின்னு இவதான் அழகழகா எழுதினா. நான் குறுக்கப் பூந்து கடைசி லெட்டரைக் கெடுத்தேன், அப்பவும் இவ எழுதின எழுத்துதான் என்னைக் காப்பாத்துச்சு. இந்த வாழ்வே இவ குடுத்ததுங்க” என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமா காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெண்ணுக்கு வெட்கம் என்று வந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்தார்கள்.