எண்பத்தாறாம் நம்பர் ரத்தம்

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். இது என் சொந்த அக்காவுக்கு நடந்தது. பேய் என்றாலே என்னைக் கேலி செய்து ஓட்டுகிறவள் அவள். அவள் சொன்னதற்கு மேல் ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை.

அக்கா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். பித்தநாளத்தில் வரும் புற்றுநோயைப் பற்றி அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. பொல்லாத நோய் அது. கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதற்கு முன்பே ரத்தத்தில் இருக்கும் மூன்று புரதங்கள் காட்டிக்கொடுக்குமா என்று பெரிய டாக்டர் தேடிக்கொண்டிருந்தார். ரத்தம் எடுத்து வைத்த கண்ணாடிக் குழாய்களில் பெயர் கிடையாது, வெறும் நம்பர்தான். எந்த நம்பர் யாருடையது என்கிற பட்டியல் டாக்டரின் அலமாரியில் பூட்டியிருக்கும்.

அன்று பட்டப்பகல். மணி இரண்டு பத்து. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அக்கா மட்டும் மெஷினுக்கு முன்னால் இருந்தாள்.

சரக்... சரக்...

திரும்பிப் பார்த்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். முழங்கையைச் சொறிந்துகொண்டே நின்றாள். கண் இரண்டும் மஞ்சள்.

"எண்பத்தாறு பாத்தாச்சா?"

"இன்னும் இல்லங்க. நீங்க எப்படி உள்ள வந்தீங்க? வெளிய உக்காருங்க."

"இன்னைக்கே பாத்துடு."

யாரோ நோயாளி, பாவம், பயத்தில் வந்துவிட்டாள் என்றுதான் அக்கா நினைத்தாள். வெளியே அனுப்பலாம் என்று கதவைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அந்தக் கதவு கார்டு வைத்தால்தான் திறக்கும். திறந்தால் 'பீப்' என்று கத்தும்.

கத்தவில்லையே...

தரை அப்போதுதான் துடைத்த ஈரம். அக்காவின் செருப்புத் தடம் மட்டும் இருந்தது.

நிமிர்ந்தாள்.

யாருமில்லை.

சத்தம் மட்டும்... சரக்... சரக்...

அதுவும் நின்றது. மணி இரண்டு பதிமூன்று.

எண்பத்தாறை எடுத்து மெஷினில் வைத்தாள். மூன்று புரதங்களும் எகிறி நின்றன. மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அதேதான்.

மறுநாள் காலை ரிசல்ட்டை மட்டும் டாக்டரிடம் நீட்டினாள். வேறு எதையும் சொல்லவில்லை. அவர் பட்டியலைத் திறந்தார். விரல் ஒரு வரியில் நின்றது.

"இது நோயாளி இல்ல. ஒப்பிட்டுப் பாக்க, நல்லா இருக்கறவங்ககிட்ட ரத்தம் எடுத்தோமே... அதுல ஒண்ணு."

"யாரு சார்?"

அவர் நிமிரவில்லை.

"நீதாம்மா."

ஸ்கேன் எடுத்தார்கள். பித்தநாளத்தில் பட்டாணி அளவுகூட இல்லாத ஒரு கட்டி. வலி இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை. பத்தே நாளில் ஆபரேஷன். அக்கா பிழைத்துவிட்டாள்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில்தான் அந்தப் பெண் வந்ததை டாக்டரிடம் சொன்னாள். அவர் பர்ஸிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். அதே பெண். அக்கா தலையை ஆட்டினாள்.

"என் வீட்டுக்காரி. இதே நோய்தான். அவ போய் ஒன்பது வருஷம் ஆச்சு. அப்போ இந்தக் கட்டடமே கிடையாதும்மா."

போட்டோவைத் திரும்பப் பர்ஸில் வைத்துக்கொண்டே சொன்னாராம்:

"என்கிட்ட ஒரு தடவைகூட வந்ததில்ல."