ஆட்டுக்குக் கலந்த தவிடு

கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் கத்தரித் தோட்டத்தைப் பக்கத்து வீட்டு மேரியின் ஆடுகள் மூன்றாவது முறையாக மேய்ந்த அன்று, ஆத்திரத்தில் தவிட்டில் எலி மருந்தைக் கலந்து எடுத்துக்கொண்டு வேலியருகே போனேன்.

மேரி பார்த்துவிட்டாள். "இன்னாக்கா, ஆட்டுக்குத் தவிடா? குடு, நானே வெக்கிறேன்" என்று சிரித்தபடி கையை நீட்டினாள்.

தவிட்டைச் சட்டென்று என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "புளிச்சிப் போச்சு மேரி" என்று சொல்லித் திரும்பி வந்து, ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன்.

பிறகு, வக்கீலாக இருக்கும் என் அண்ணன் மகளிடம் பயந்துகொண்டே சொன்னேன். "கலந்தது வரைக்கும் ஏற்பாடுதான் அத்தை, அதுக்குக் கேசு இல்ல. ஆட்டுக்கு முன்னாடி வெச்சிருந்தா, அது தின்னாம போயிருந்தாலும் கொல்ல முயற்சி பண்ணதா கேசு வந்திருக்கும்" என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

இப்போதெல்லாம் கோபம் வந்தால், வெறுங்கையோடு போய் மேரியிடம் நேரிலேயே சொல்லிவிடுகிறேன்.