குவியலில் ஒரு நீலச் சோடி

காட்சிக்கு வைத்த செருப்பையும் பார்க்க வந்தவரின் செருப்பையும் எப்படிப் பிரித்தறிவது? எனக்குத் தெரியவில்லை.

நேற்றுக் கிளிநொச்சியில் ஜனநாயகப் போராட்ட நினைவுக் கண்காட்சி. மண்டப வாசலில் ஒரு செருப்புக் குவியல். கொழும்பில் போராடியவர்கள் அடிவாங்கி, செருப்பை விட்டுவிட்டு ஓடியதன் நினைவாக ஒரு கலைஞர் அமைத்தது.

எனக்கு முன்னால் வந்த வயதான அம்மா, கோயிலுக்குள் போவதுபோலத் தன் நீலச் செருப்பையும் அதிலேயே கழற்றிவிட்டார்.

“அம்மா, அதுக்குள்ள விடாதேங்கோ. அது காட்சிக்கு வைச்சது!” என்றேன், வகுப்பறைக் குரலில். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆற்ற செருப்பு, பிள்ளை?”

கொழும்பில் அடிவாங்கி ஓடியவர்களுடையது என்றேன்.

“நாங்களும் முள்ளிவாய்க்காலில விட்டிட்டுத்தானே ஓடினனாங்கள். அப்ப என்ரயும் கிடக்கட்டும்.”

வெறுங்காலோடு வெயிலில் இறங்கிப் போய்விட்டார். உள்ளே எதையும் பார்க்கவில்லை.

ஜனநாயகத்தின் வாசலில் நின்று ஒருவரைத் திருப்பி அனுப்பியவள் நான். வெட்கத்தில் எனக்கும் உள்ளே போக மனம் வரவில்லை.

இன்று மறுபடி போனேன். குவியலைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள்.

“பாக்க வந்தாக்களின்ர செருப்பும் கலந்திட்டுதாம். உங்களுக்கு ஏதும் தெரியுமோ, ரீச்சர்?” என்று ஏற்பாட்டாளர் கேட்டார்.

நீலச் சோடி நடுவில்தான் கிடந்தது. தெரியாது என்றேன்.

நீங்கள் அங்கே போகும்போது அவர் கேட்டால், நீங்களும் தெரியாது என்றே சொல்லுங்கள்.